விருந்தினர் எழுதியது

மதிய இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது டிசைனர் பையன் ஹெட்போன் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே அவள் மேசைக்கு வந்தான். எழுந்து நடப்பது அவனுக்குப் பழக்கமில்லை. காதிலிருந்ததைக் கழுத்துக்கு இறக்கினான். அவன் அதை இறக்கினால் விஷயம் பெரிது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அலாரம் அக்கா, நான் எழுதாத ஒண்ணுக்கு எனக்கு நன்றி சொல்றாங்க."

"யாரு?"

"மெத்தைக் கடை. அந்த அண்ணன்தான். இப்ப போன் பண்ணாரு. தம்பி, நீங்க கேட்டது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்கறாரு. நான் அவர்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. பட்டன் நீலமா பச்சையான்னு. அதுல என்னக்கா ஆறுதல் இருக்கு?"

யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க நினைவூட்டுவது அவள் வேலை. அதனால் அலாரம். சேர்ந்த இரண்டாம் வாரமே வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற அளவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகன் பள்ளிக்குப் போகும்வரை வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். மெத்தைக் கடை அவள் தனியாகப் பார்க்கும் முதல் இணையதளம். அது ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் குறைகளைப் போனில் சொல்வார்களாம். மேல இருக்கற எழுத்து, அதுக்குப் பக்கத்துல ஒரு படம், அது இல்ல, இன்னொண்ணு. ஒரு படத்தை மாற்ற அரை நாள் போகும். இப்போது அதற்கென்று ஒரு மென்பொருள் வந்துவிட்டது. செய்துகொண்டிருக்கும் பக்கத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிக்குள் கருத்தை எழுதலாம், அதற்குப் பதில் எழுதலாம், பதிலுக்குப் பதில் எழுதலாம். சொன்ன வேலை முடிந்ததும் அலாரம் அந்தப் புள்ளியைப் பச்சையாக்குவாள். எல்லாம் பச்சையான பிறகு தளம் ஊருக்குத் திறக்கும். புள்ளிகளும் அவற்றுக்குள் எழுதியதும் மறைந்துபோகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முதல் நாளே இதை அமைத்துக் கொடுக்க வேண்டும். யார் உள்ளே வரலாம், யார் எதைப் பார்க்கலாம், யார் பெயர் எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பிசகினால் ஒரு கட்டத்தில்தான் பிசகும்.

மெத்தைக் கடை அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது. இந்தப் பக்கத்துக் கடையை அண்ணன் பார்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தங்கை. வேலை பேச அண்ணன் மட்டும்தான் வந்திருந்தார். அகலமான மனிதர். அலுவலக நாற்காலியில் உட்காருமுன் கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "இது முதுகுக்கு ஆகாதும்மா" என்றார். பிறகு, கடையின் விடுமுறை நாளைச் சொல்வதுபோல, "தங்கச்சிக்கும் காட்டணும். பாதி அவளோடது. ஆனா நாங்க பேசிக்கறதில்ல" என்றார்.

அவர் போனதும் முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பஞ்சையும் நெருப்பையும் ஒரே ரூம்ல வெக்காத. ஆளுக்கொரு ப்ராஜெக்ட் போடு."

அவள் போடவில்லை. இரண்டு ப்ராஜெக்ட் என்றால் ஒவ்வொரு புள்ளியையும் இங்கிருந்து அங்கே அள்ளிப்போட வேண்டும். ஒரே வாசல் போதும் என்று நினைத்தாள். அதோடு அண்ணன் கிளம்பும்போது, "பாஸ்வேர்டு கீஸ்வேர்டெல்லாம் எனக்கு வராதும்மா. தட்டினா தொறக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பெயர் கேட்கும் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டு, இருவருக்கும் ஒரே இணைப்பை அனுப்பினாள். அந்த வழியாக யார் வந்தாலும் திரையில் ஒரே பெயர்தான்: விருந்தினர். உள்நுழையச் சோம்பல்பட்டு ஹெட்போனும் அதே வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எங்களைப் பற்றி" என்ற பக்கத்தைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு படம். கடை நடுவில் ஒரு மெத்தை, அதன்மேல் ஒரு முதியவர் மல்லாந்து படுத்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா. செருப்பு இரண்டும் கீழே ஒழுங்காக. கண் மூடியிருக்கிறது. படத்தைக் கொடுக்கும்போது அண்ணன் சொல்லியிருந்தார்: "எங்கப்பா. ஆனா கடைக்குள்ள எங்களுக்கும் அவரு பெரியவர்தான். அப்பான்னு கூப்பிட்டா வள்ளுன்னு விழுவாரு. இங்க அப்பனும் கெடையாது, புள்ளையும் கெடையாது, வேலையப் பாருங்கம்பாரு."

முதியவரின் நெற்றிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் அதைத் தொட்டாள்.

விருந்தினர்: பெரியவர் படத்தை மாற்றவும். கண் மூடியிருக்கிறது.

விருந்தினர்: அது தூக்கம் வாடிக்கையாளருக்குப் படுத்துக் காட்டுவார் அப்படியே தூங்கிப்போவார் குறட்டை வந்தால் மெத்தை விற்றாயிற்று என்று அர்த்தம்

விருந்தினர்: தெரியாதவர்கள் பார்த்தால் தூக்கம் என்று நினைக்க மாட்டார்கள்.

விருந்தினர்: நீங்கள் சொல்வதும் சரிதான் பெரியவர் போன நாளும் முகம் இதேதான் தட்டினால் எழுந்துவிடுவார் போல இருந்தது

அதன்பிறகு ஒரு நாள் முழுக்க எதுவுமில்லை. பிறகு:

விருந்தினர்: முகத்தில் வலி தெரிந்ததா?

விருந்தினர்: இல்லை சத்தியமாக இல்லை இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை கேட்டதற்கு நன்றி

"இத நான் எழுதலக்கா" என்றான் ஹெட்போன்.

"தெரியுது. நீ எழுதினா எழுத்துப் பிழை இருக்கும்."

சிரிப்பு வரவில்லை. முற்றுப்புள்ளி வைத்து எழுதுவது தங்கை, வைக்காமல் எழுதுவது அண்ணன். அண்ணன் தங்கையை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பையன், நாளைக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனால் வாய் திறக்கிறது. தங்கை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. மென்பொருளின் அமைப்புகளுக்குள் போனாள். பெயர் கேட்கும் கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு முறை தொட்டால், அடுத்து உள்ளே வரும்போது இருவரும் பெயர் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே எழுதியவற்றின் தலையிலும் அந்தப் பெயர்கள் ஏறிக்கொள்ளும். தப்பைத் திருத்த வேண்டும், அதற்குமுன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தங்கைக்குப் போன் போட்டாள்.

"மேடம், எங்க பக்கத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க யார்கிட்ட பேசறீங்கன்னு…"

"தெரியும்" என்றார் தங்கை. "போன அன்னைக்கு எங்கப்பா மொகம் எப்படி இருந்துச்சுன்னு உங்க டிசைனருக்கு எப்படித் தெரியும்? அவரு என்ன, சாவுக்கு வந்திருந்தாரா?"

அலாரம் திரையில் 'பெரியவர் போன நாளும்' என்ற வரியை மறுபடி படித்தாள்.

"மொதல்ல தெரியல. குறட்டை கதையெல்லாம் அண்ணன் அங்க வந்து சொல்லியிருப்பான், பையன் அழகா எழுதிட்டான்னுதான் நெனச்சேன். போன நாள்னு பாத்ததும் இது அண்ணனேதான்னு புரிஞ்சுபோச்சு. ஒரு நாள் பூரா அந்தப் பக்கமே போகல." மூச்சு கேட்டது. "நான் அன்னைக்கு வெளியூர்ல இருந்தேங்க. ராத்திரிக்குள்ள வந்துடறேன், எடுத்துடாத, வெச்சிருன்னு போன்ல கத்தினேன். வந்து எறங்கறேன், நாற்காலிய மடிச்சு வண்டில ஏத்திக்கிட்டிருக்காங்க. அன்னையிலேர்ந்து பேச்சு கெடையாது. மூணு வருஷமாச்சு."

"பேர இப்பவே போட்டுடறேங்க மேடம். இனிமே கொழப்பம் வராது."

"போட்டுடாதீங்க." குரல் சட்டென்று இறங்கியது. "எனக்கு அவன்கிட்ட கேக்க ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. நேர்ல கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போயிடுவான். என் பேரப் பாத்தான்னா வாய்க்குப் பூட்டுதான்."

இது நான் தனியாகப் பார்க்கும் முதல் தளம் மேடம், இதில்தான் என் பிழைப்பே இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. "வெள்ளிக்கிழமை மதியம் தளத்தத் தொறக்கறோம். அதுக்கப்புறம் புள்ளியெல்லாம் அழிஞ்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும்" என்றார் தங்கை.

அன்று சாயங்காலமே அந்தப் புள்ளிக்குள் ஒரு வரி கூடியிருந்தது.

விருந்தினர்: ஏன் காத்திருக்கவில்லை?

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்றப் புள்ளிகளில் அண்ணன் மும்முரமாக எழுதினார். தலையணை விலைக்குப் பக்கத்தில் ஒரு திருத்தம், கடை திறக்கும் நேரத்தில் ஒரு திருத்தம். பட்டன் நீலமாகவே இருக்கட்டும் என்றார். அவள் ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிக்கொண்டு வந்தாள். முதியவரின் நெற்றியோரம் மட்டும் சிவப்பு நின்றது. சில நேரம் அதன் அடியில் சாம்பல் நிறத்தில் "விருந்தினர் எழுதுகிறார்" என்று மூன்று சொட்டுகள் துடிக்கும். அவள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பாள். துடித்துக்கொண்டே இருந்துவிட்டு அணைந்துபோகும். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து இதே துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். போன் செய்து, சார், ஒரு புள்ளி பாக்கி இருக்கு, கொஞ்சம் பாத்துடறீங்களா என்று நினைவூட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். செய்யவில்லை. வீட்டில் மகனையும் அந்த வாரம் அவள் எதற்கும் அவசரப்படுத்தவில்லை. ஷூ லேஸை அவனே கட்டி முடிக்கும்வரை கதவருகே நின்றாள். அவன் சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தான்.

வியாழக்கிழமை முதலாளி கண்ணில் அது பட்டுவிட்டது.

"இது என்னம்மா, ஏன் காத்திருக்கவில்லை? டெலிவரி எதுவும் மிஸ் ஆயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினாலே போதும். அவள் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள், டிக்கை எடுத்ததிலிருந்து தங்கை போனில் சொன்னது வரை. ஹெட்போன் இசையை நிறுத்திவிட்டு, கேட்காததுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி மூக்கின் மேல்பகுதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"ஆளுக்கொண்ணு போடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சா என்ன ஆகும்? எங்க வீட்டு எழவ ஊர் பாக்க வெச்சுட்டீங்களேம்பாரு. நியாயந்தானே?"

"நியாயந்தான் சார்."

அவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவதற்கு இன்னும் இருந்தது, ஆனால் திட்டவில்லை. "நாளைக்கு மதியம் தளம் தொறந்தாகணும். அது பச்சையா இருக்கணும். எப்படிப் பச்சையாக்கறியோ, அது உன் பாடு. மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார்.

அந்த 'மத்தது' என்னவென்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மூன்று சொட்டுகளும் விட்டுவிட்டுத் துடித்தன. ஹெட்போன் நாற்காலியை உருட்டி வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். "நாமே ஒரு பதில் எழுதி மூடிட்டா என்னக்கா? மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த. பிழையில்லாம எழுதறேன்" என்றான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வந்த வழியே உருண்டு போனான். எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். முதலாளி தன் அறையிலிருந்து கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். பச்சையாக்கும் பொத்தானின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு தொடல்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எங்குமே இருக்காது. கேட்டவருக்கு மட்டும் இருக்கும்.

போன் அடித்தது. அண்ணன்.

"அம்மா, அந்தப் பெரியவர் படத்துல ஒரு புள்ளி. மூடிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"நல்லது. இருக்கட்டும்." பின்னால் யாரோ மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நீளமாகக் கிழிக்கும் சத்தம். "அது உங்க பையன் கேக்கற கேள்வி இல்லம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ஆளாளுக்கு சொன்னாங்க. இன்னும் வெச்சிருக்கக் கூடாது, நேரமாச்சுன்னாங்க. சரின்னுட்டேன். சரின்னு சொன்ன வாய் என்னோடதுதான, வேற யாரு மேல போட? மூணு நாளா அதத்தான் எழுதறேன். நாலு வரி வருது, படிக்கறேன், அழிச்சிடறேன். எழுதத் தெரியாம இல்ல. உங்க ஆபீஸ்ல பத்துப் பேரு பாப்பாங்கன்னு நெனச்சா கை வரல."

"சார்…"

"நான் எழுதறத அவ மட்டும் படிக்கற மாதிரி வெக்க முடியுமாம்மா?"