சொல்லிக்கொள்ளாமல் வந்த நாள்

பவானிபூரில் நாங்கள் முதலில் குடியிருந்த சந்து மிகக் குறுகல். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே எதிர்வீட்டு நிருபமா தீதியின் ஜன்னல்; தீதி என்றால் அக்கா. என் மனைவி நாகலக்ஷ்மி கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு அந்த ஊரில் என்னைத் தவிர யாரையும் தெரியாது. நானோ காலையில் டிராமேறி ஆபீசுக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பி, ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறவன். அவளுக்குப் பேசக் கிடைத்தது அந்த ஜன்னல்தான்.

பேசிப் பேசியே அவளுக்கு வங்காள பாஷை வந்துவிட்டது. எங்கள் அப்பளம் அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து தேங்காயும் வெல்லமும் கிளறிப் பிடித்த உருண்டை வரும். "உன் புருஷனுக்கு வாய் உண்டா, சாப்பிட மட்டும்தானா?" என்று தீதி கேட்பது என் காதில் விழும். இருவரும் சிரிப்பார்கள். நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

தலைநகரத்தை அந்த ஊரிலிருந்து டில்லிக்கு மாற்றிய மறு வருஷம், மழைக்காலத்தில், தீதியின் மாமியார் காலமானார். நாகலக்ஷ்மி பிற்பகல் முழுவதும் தீதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மறுநாள் எதிர் ஜன்னல் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் திறக்கவில்லை. காரியங்களெல்லாம் முடிந்த பிறகும் சாத்தியே இருந்தது.

நாகலக்ஷ்மிக்குச் சமையலில் உப்பு தவறத் தொடங்கியது.

"துக்கம். விட்டுடு. தானா சரியாப் போயிடும்" என்றேன். கேட்காததைச் சொல்லாதே, சொல்லாததைக் கேட்காதே என்பது அந்நாளில் என் கொள்கை. ஆபீசில் அது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தது.

"நீங்க பேசாம இருந்தா நான் புரிஞ்சுண்டாகணும், பொண்டாட்டி. தீதிக்கு என்ன தலையெழுத்து?" என்று சொல்லிவிட்டு அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எதிர்வீட்டு வாசலில் அவர்கள் பேசியது ஜன்னல் வழியே கேட்டது.

"நான் என்ன தப்பு செஞ்சேன், தீதி?"

தீதி சொன்னாள்: "அத்தனை நேரம் என் கையைப் பிடிச்சிருந்தே. அப்புறம் 'ஆஷி'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போனே. திரும்பிக்கூடப் பார்க்கலை. இனி நீ இந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு நினைச்சேன்."

'ஆஷி' என்றால் 'வருகிறேன்'. விடைபெறும்போது அவர்களும் நம்மைப் போலத்தான் சொல்வார்கள்.

"எங்க பக்கத்துல சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லப்படாது, தீதி. சொன்னா, இதே மாதிரி காரியத்துக்கு மறுபடியும் வரேன்னு ஆயிடும். உங்க வீட்டுக்கு இன்னொரு துக்கம் வரப்படாதேன்னுதான் வாயை மூடிண்டு வந்தேன்."

தீதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பைத்தியமே, உங்க மதராஸி சாஸ்திரத்தையெல்லாம் முன்னாடியே சொல்லிவைக்கக் கூடாதா? நான் ஜோசியமா படிச்சிருக்கேன்?"

அன்று மாலை எதிர் ஜன்னல் திறந்தது. கடுகெண்ணெய் காயும் நெடி எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்கு ஒருநாளும் பிடிக்காத நெடி. அன்று நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மௌனத்தை நான் விட்டுவிடவில்லை, அது முடியாது. ஆனால் அதற்குள் நுழையுமுன், "ஆபீசில மனசு சரியில்லை, உன்மேல கோபம் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். "சொன்னேளே, அது போறும்" என்று அவள் உள்ளே போவாள். எங்களுக்குள் சண்டைகள் இல்லாமலில்லை. ஆனால் ஒரு சண்டையும் இரவைத் தாண்டியதில்லை. நான் படித்த எந்த நீதியும் எங்களுக்கு இவ்வளவு உழைத்ததில்லை.

பல வருஷங்கள் கழித்து, நாங்கள் பாலிகஞ்சுக்குக் குடிபோன பிறகு, ஒரு குளிர்காலத்தில் தீதி போய்விட்டாள். இருவரும் அந்தச் சந்துக்குப் போனோம். எங்கள் பழைய ஜன்னலில் யாருடைய வேட்டியோ உலர்ந்துகொண்டிருந்தது. நாகலக்ஷ்மி தீதியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எடுத்துப்போகும் நேரம் நெருங்கியதும், நம் வழக்கப்படி நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்கு வந்தேன். அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அவள் தீதியின் காதருகே குனிந்திருந்தாள்.

"ஆஷி, தீதி" என்றாள், வாசல்வரை கேட்கும்படி.

டிராம் நிற்கும் இடம்வரை நாங்கள் நடந்தோம். அன்று அவள் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.