முதுகுக்குப் பின்னால் ஒரு கை

யார் யாரிடம் எப்படிப் பேசினால் யாருக்கு என்ன தோன்றும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் பெனிட்டாவின் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாவது மாடியில், ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து, தொழிற்சாலைகளிலிருந்து வரும் குட்டி வீடியோக்களைப் பார்ப்பாள். இவர் சூப்பர்வைசர், இவர் தொழிலாளி, இவர் திட்டுகிறார், அவருக்கு இன்ன உணர்ச்சி என்று குறிப்பாள். ஆறு வருஷமாகப் புருஷன் முகமே பிடிபடாதவளுக்கு ஊரார் முகத்தைப் படிக்கச் சம்பளம்.

எதை எப்படிக் குறிப்பது என்று கையேடு எழுதிய புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ. திட்டு வாங்குகிறவன் தலை குனிந்தால் வெட்கம், சிரித்தால் எகத்தாளம் என்று எழுதிவைத்திருந்தார். பெனிட்டாவும் அப்படியே போட்டுத் தள்ளினாள். எகத்தாளம் என்று குறித்தவர்களின் பட்டியல் மாதக் கடைசியில் அந்தந்தத் தொழிற்சாலைக்குப் போகும் என்பது தெரிந்தேதான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரையில் எபினேசர் வந்து நின்றான். அவள் புருஷன். ஒரகடத்துத் தொழிற்சாலையில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் கத்த, அவன் பிடரியைச் சொறிந்துகொண்டு சிரித்தான். வீட்டில் இவள் திட்டும்போதும் இதே சிரிப்புதான். பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கணினி முந்திக்கொண்டு எகத்தாளம் என்று காட்டியது. சரியென்று ஒரு தட்டு தட்டினால் பெர்மனென்ட் கோவிந்தா.

கேமரா உயரத்தில் பக்கவாட்டில் இருந்ததால் முகத்தோடு முதுகும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவனுடைய இடது கை சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. எப்போதும் எதிரே நின்றே திட்டியவள் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. இதுவரை எந்த வீடியோவிலும் முகத்தைத் தாண்டிப் பார்த்ததும் இல்லை.

வெட்கம் என்று மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் வீடியோவில் கைவைக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதைவிட, மற்றவர்களுக்கும் பின்னால் ஒரு கை இருந்திருக்குமே என்ற நினைப்பு அவளை உட்காரவிடவில்லை. டீம் லீடர் மஞ்சுளாவை அழைத்துக் காட்டினாள்.

மஞ்சுளா மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். “இந்த மாதிரி எத்தினி பேருக்குப் போட்டுகீற?”

“இந்த மாசம் நாப்பது இருக்கும்க்கா. தப்பா போட்டுட்டேன். எல்லாத்தையும் தொறந்து பாக்கணும்.”

தொண்ணூறு சதவீதம் சரியாகக் குறித்திருந்தால்தான் அடுத்த மாதம் வேலை. நாற்பதையும் திறந்தால் பெனிட்டாவின் கணக்கு எங்கே போய் நிற்குமோ. மஞ்சுளா அதைச் சொன்னாள். பெனிட்டா தெரியும் என்றாள்.

இருவருமாகச் சாயங்காலம்வரை பார்த்தார்கள். சிலர் உண்மையிலேயே நக்கலாகத்தான் சிரித்தார்கள். பெரும்பாலானவர்களின் கை அடையாள அட்டைக் கயிற்றைத் திருகியது, தொப்பியைக் கசக்கியது. மஞ்சுளா எபினேசரின் குறியைத் தானே மாற்றினாள். பட்டியலை நிறுத்தச் சொல்லியும் கையேடு தப்பென்றும் மேலிடத்துக்கு எழுதினாள். பெனிட்டாவின் வேலையைப் பற்றி வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னாள்.

பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்கு அவள் வந்தபோது எபினேசர் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்திருந்தான். இவள் வாயைத் திறந்ததும் பிடரியைச் சொறிந்துகொண்டு அதே சிரிப்பு. பெனிட்டா பேச்சை நிறுத்திவிட்டு அவன் முதுகுப் பக்கம் போய் நின்றாள். சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்த கையைப் பிடித்துப் பிரித்தாள். உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. “இன்னா பெனிட்டா?”

“ஒண்ணும் இல்லைங்க,” என்றாள். “நான் பின்னாடி வந்து பாத்ததே இல்ல.”