பிள்ளையார் பிடித்த எல்.எம்.ஜி.

பிள்ளையாரைக் குப்புறப் படுக்கவைக்க முடியாது. ஜீவானந்தத்துக்கு வந்த முதல் சிக்கல் அதுதான்.

இந்தச் சதுர்த்திக்கு மிலிட்டரி பிள்ளையார் வைப்பதென்று ஆரணியின் அந்தத் தறிக்காரத் தெரு முடிவு செய்திருந்தது. ஆளுயரத்துக்கு மேல் சிலை வந்து, பட்டாளத்துப் பச்சையும் பூசியாயிற்று. கையில் துப்பாக்கி கொடுக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் தெருவில் ஒரே ஒருவர்தான். எனவே பட்டுக் கடை அருணகிரி, விழாக் கமிட்டித் தலைவர், ஜீவானந்தத்தின் வாசலில் வந்து நின்றார். வாசலில்தான் நின்றார், உள்ளே வரவில்லை.

"மிலிட்டரி, நீங்கதான் வந்து செட் பண்ணித் தரணும்."

ஜீவானந்தம் கண்ணமங்கலம் பக்கத்துக் காலனியில் கூலிக்காரர் மகனாகப் பிறந்தவர். இங்கே வீடு வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவர் பெயர் தெருவுக்கே தெரியும், ஆனால் ஒருவர் வாயிலும் வந்ததில்லை. மிலிட்டரி, மிலிட்டரி வீடு, மிலிட்டரி சம்சாரம், அவ்வளவுதான். போன சதுர்த்திக்கு வெற்றிலை பாக்கு வைத்து வீடுவீடாக அழைத்த கமிட்டி, அவர் வீட்டை மட்டும் பார்க்காததுபோல் தாண்டிப் போனது. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தத் தெரு தன் வீட்டையும் ஒரு வீடாக எண்ண வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

"வேலைன்னா மட்டும் நம்ம வீடு கண்ணுக்குத் தெரியுது," என்றாள் மனைவி கலையரசி.

"புள்ளையாருக்குத்தானே செய்யறோம், வுடு," என்று கிளம்பினார்.

பந்தலில் எல்.எம்.ஜி. எனும் இலகு இயந்திரத் துப்பாக்கியைப் பிளைவுட்டில் செய்து, இரண்டு குட்டைக் கால்களில் ஊன்றி, சிலையின் காலடியில் வைத்திருந்தார்கள்.

"இது தரைச் சண்டைக்குங்க. பின்னாடி குப்புறப் படுத்துகினுதான் சுடணும். இவரு படுத்தா தொந்தி இன்னா ஆவறது?"

பந்தலே சிரித்தது. "அப்ப இன்னா பண்ணலாம்?" என்றார் அருணகிரி.

"மேல வர்ற ட்ரோனை அடிக்கற மாதிரி வெப்போம். ஒசரமா ஸ்டாண்டு போட்டா நின்னுகினே சுடலாம்."

எல்லையில் சண்டை மூண்ட நாட்களில் அவர் நிஜமாகவே இதைச் செய்தவர். தரையில் கிடந்த எல்.எம்.ஜி.யைத் தூக்கி, மார்பு உயர ஸ்டாண்டில் பூட்டி, கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர். அப்போது காது ட்ரோனின் இரைச்சலையே தேடிக்கொண்டிருந்தது. இப்போது இரும்புக் குழாய்களை விரித்து முக்காலியாகக் கட்டி, துப்பாக்கி சுழல மேலே ஒரு சைக்கிள் அச்சைப் பொருத்தும்போது, பக்கத்தில் யாரோ பொரிகடலை கொறிக்கும் சத்தம் கேட்டது. அதே வேலையை இத்தனை நிம்மதியாகச் செய்ய முடிவதில் அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

"தோட்டா மாலை மட்டும் பாக்கி. நாளைக்கு நாடா கொஞ்சம் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்து பார்த்தால், பாய் நிறையக் கட்டைகள். அவர் கேட்டது பாவாடைக்குக் கோப்பார்களே, அந்தத் துணி நாடா. அட்டைத் தோட்டாக்களை அதில் வரிசையாகத் தைக்கலாம் என்று நினைத்திருந்தார். தறிக்காரத் தெருவுக்கோ நாடா என்றால் ஒன்றே ஒன்றுதான். தறியில் நீள இழைகளான பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஓடி, குறுக்கே ஊடை இழையை இழுத்துப் போகும் மரக்கட்டை. வீட்டுக்கு ஒன்றாகத் திரட்டி வந்திருந்தார்கள்.

"பூஜை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணுங்க, தறி நிக்குது," என்றாள் அருணகிரியின் மனைவி ஸ்வர்ணலதா. மாறிப் போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் எழுதியிருந்தது.

ஜீவானந்தம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வழவழவென்று, முனை கூர்ந்து, உலோகப் பூண் போட்டு, இத்தனை பெரிய பிள்ளையாருக்கு இதைவிட நல்ல தோட்டா ஏது? கயிற்றில் வரிசையாகக் கோக்க ஆரம்பித்தார். கோக்கக் கோக்கப் பெயர்களைப் படித்தார். தெருவே அதில் இருந்தது. அவர் மட்டும் இல்லை. தறி இல்லாத வீட்டுக்கு நாடா ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

மாலை முடிந்தபோது துப்பாக்கிக்குள் தோட்டா நுழையும் இடத்தருகே ஓர் இடம் காலியாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு வேணுங்க. மொதல்ல உள்ள போற தோட்டா இதான்."

"எல்லா வீட்டுதும் வந்துடுச்சே," என்றார் அருணகிரி.

ஸ்வர்ணலதா மாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். "இவங்க வீட்டுது எங்க?"

"அவங்களுக்குத் தறி ஏது?"

"தறி இல்லன்னா வீடு இல்லன்னு ஆயிடுமா?"

அருணகிரிக்கு முகம் சுருங்கியது. நேரே கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புது நாடா, இன்னும் தறி காணாதது. அதன்மேல் மை காயவில்லை: ஜீவானந்தம்.

"இத திருப்பித் தர வேணாங்க. ஜீவானந்தம் சார், சாயங்காலம் வெத்தல பாக்கோட உங்க வீட்டுக்கு வரோம். போன வருஷமே வந்திருக்கணும்."

முதல் தோட்டாவைப் பொருத்த ஜீவானந்தத்துக்கு நேரம் பிடித்தது. பெயர் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய்க் கலையரசிக்கு போன் போட்டார்.

"பால் வாங்கி வெய்யி. அருணகிரி குடும்பத்தோட வராரு."

"வாசலுக்கா?"

"உள்ளுக்கு," என்றார்.