மோட்டாரை முதலில் நிறுத்தியவர்

மழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டு நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டிலும் அதே கதைதான். ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடுகள். அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் குடும்பம். வெளிச்சுவருக்கு மஞ்சள் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று மூண்ட சண்டையில், அண்ணன் தம்பிக்குள் பதினான்கு மாதமாகப் பேச்சில்லை. அதனால் நானும் ஓரகத்தி அக்காவும் ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டு, காதலர்கள் மாதிரி ஒளிந்து ஒளிந்து போனில் பேசிக்கொள்கிறோம்.

இவர் வாடகைக்கு மோட்டார் எடுத்து வந்து பின்பக்கம் இறைத்தார். அண்ணனும் ஒன்று எடுத்து வந்து முன்பக்கம் இறைத்தார். மதியம் வரை இரண்டும் காது கிழிய ஓடியும் தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். நாங்கள் இறைத்தது பின்சரிவில் ஓடி அவர்கள் நிலவறை ஜன்னலில் இறங்கியது. அவர்கள் இறைத்தது முன்சரிவில் ஓடி எங்கள் ஜன்னலுக்கு வந்தது.

"என்னங்க, ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தான் மாத்தி மாத்தி ஊத்திக்கிறீங்க."

"தெரியும்" என்றார். "அவர் மொதல்ல நிறுத்தட்டும்."

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இங்கயும் அதேதான்டி. சின்னவன்தான் நிறுத்தணுமாம். எனக்கு அழுகையா வருது."

"அழுது என்ன ஆகப்போகுது? மோட்டார் ஒயர எங்க சொருகியிருக்கார், அக்கா?"

மணி மூன்றுக்கு நான் ஒயரைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது.

"ஐயோ, கால் தட்டிடுச்சுங்க!"

திட்ட வாயைத் திறந்தவர் அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. அங்கே அக்காவுக்கும் கால் தட்டியிருந்தது.

"அண்ணன் நிறுத்திட்டார்" என்றார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. சுவரைத் தட்டினார்.

"அண்ணா!"

"என்னடா?"

"உங்க குழாயையும் குடுங்க. ரெண்டையும் சேத்தாத்தான் தெருச் சாக்கடைக்கு எட்டும்."

ஆறு மணிக்குள் இரண்டு வீட்டிலும் தரை தெரிந்தது.

"பெரிய மனசு அவருக்கு, மொதல்ல எறங்கி வந்துட்டார்" என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "தம்பிக்கு மனசு கேக்கல" என்று அங்கே அவர் சொல்கிறாராம். பதினான்கு மாதம் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியது யார் கணக்கிலும் இல்லை. சந்தோஷமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுக்கிறது. சொன்னால், தண்ணீரே இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள்.