டாக்டர் எழுதிய சொல்

ஆஸ்திரேலியச் சிற்றூரான பிண்டிகுல்லாவின் நீதிமன்றத்துக்கு ஏழு படிகள். டோரீன் காஃப்னியின் சக்கர நாற்காலிக்கு அதில் ஒன்றுகூட ஆகாது. பத்தொன்பது வயதில் குதிரை தூக்கியெறிந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவள், இப்போது ஐம்பது. ஊரின் ஒரே மதுக்கடையை நடத்திவந்த அப்பா போன மாதம் கண்ணை மூடிவிட்டார். இன்று உரிமம் அவள் பெயருக்கு மாறாவிட்டால் கடை ஊர்ப் போலீஸ் சார்ஜன்ட் ரோப்பரின் மைத்துனன் கைக்குப் போய்விடும்.

"அக்கா, நாலு பேரைக் கூட்டிட்டு வரேன், தூக்கிட்டுப் போயிடலாம்" என்றான் தம்பி க்ளெம்.

"நாலு பேர் என்னைத் தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்குடா. ஜன்னலோரமாத் தள்ளு, காது நல்லாத்தான் கேக்குது."

உள்ளே இருந்த நீதிபதி ஊருக்குப் புதியவர். மனுவோடு இணைத்திருந்த டாக்டரின் கடிதத்தை உரக்கப் படித்தார்: "மனுதாரர் முப்பத்தோரு ஆண்டுகளாக பாரலிட்டிக்."

எண்பது வயது டாக்டர் அந்தக் காலத்து மருத்துவ வழக்கில், உடல் செயலிழந்தவர் என்று எழுதியிருந்தார். ஆஸ்திரேலியாவில் இன்று யார் அப்படிப் பேசுகிறார்கள்? தலைகால் தெரியாமல் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனுக்குத்தான் அந்தப் பெயர்.

"முப்பத்தோரு வருஷமா? ஒருநாள்கூடத் தெளியலையா? சார்ஜன்ட், இந்தம்மாவைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் ஐயா. அவங்க நின்னு நான் பார்த்ததே இல்ல" என்றார் ரோப்பர், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

டோரீனுக்கு ரத்தம் கொதித்தது. அழுகையும் வந்தது. இவன் முன்னால் அழுவதா என்று அதை விழுங்கிவிட்டு, ஜன்னலைத் தட்டினாள்.

"ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க. என்னால படியேற முடியாது."

"நிதானத்துல இருந்தா ஏறியிருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்த நீதிபதி, நாற்காலியைக் கண்டார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"டாக்டர் சொன்னது என் காலை. நீங்க நினைச்சது பாட்டிலை. நான் அதைத் தொடுறதே இல்ல, நெஞ்செரியும். நீங்க நினைச்ச அர்த்தத்துக்கு ஆள் வேணும்னா சனிக்கிழமை கடைக்கு வாங்க. சார்ஜன்ட்டைப் பத்திரமா வீட்டுல கொண்டுபோய் விடுறதே எங்க க்ளெம்தான்."

உள்ளே இருந்தவர்களின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரோப்பர் தன் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நீதிபதியும் லேசில் விடுகிறவர் இல்லை. "கலாட்டா பண்றவனை எப்படி வெளியேத்துவீங்க?"

"பத்து வருஷமா நான்தானே வெளியேத்துறேன். போடான்னா போயிடுவான். நின்னான்னா, இந்தச் சக்கரம் அவன் கால் மேல ஏறும்."

நீதிபதி உரிமப் பதிவேட்டை ஜன்னல் விளிம்பிலேயே விரித்தார். "உங்களை இதுல என்னன்னு எழுதட்டும்? ஊனமுற்றவர்னா, நடக்க இயலாதவர்னா? எது உங்களுக்குச் சரியா இருக்கும்?"

"லைசென்ஸ்காரின்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை அவளிடம் நீட்டினார்.