கிடாரி சுற்றிய நிலம்

என் கணவர் கோல்பெய்ன் எங்கள் வீட்டைக் கடற்கரையில் தேடிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது வருடம்.

நார்வேயில் பழைய வீட்டைப் பிரித்தபோது, வீட்டுத் தலைவர் இருக்கையின் இருபுறமும் நின்ற இரண்டு தூண்களைக் கப்பலில் ஏற்றினார். தோர் தெய்வத்தின் முகம் செதுக்கிய தூண்கள். ஐஸ்லாந்தின் மலைகள் கண்ணில் பட்டதும் அவற்றைக் கடலில் தள்ளி, "இது எங்க ஒதுங்குதோ அங்கதான் என் வீடு" என்று சத்தியம் செய்தார். எல்லோரும் செய்கிற சத்தியம்தான். மற்றவர்களின் தூண்கள் சில நாட்களில் கிடைத்துவிடும், அல்லது கிடைத்துவிட்டதாகச் சொல்லி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. என் தலையில் எழுதியிருந்தது அப்படி.

நாங்கள் கரையேறிய இடத்தில் முழங்கால் உயரப் புல். சால்மன் மீன் துள்ளும் ஆறு. குளிர்காலத்திலும் நான் துணி துவைக்கிற வெந்நீர் ஊற்று ஒன்று, பனிக்கு நடுவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இத்தனையும் இருக்க, கவிழ்த்த படகைக் கூரையாக வைத்து, புல்மண்ணை வெட்டி அடுக்கிய குடிசையில் நாங்கள் குனிந்து வாழ்ந்தோம். ஒரு பலகையை நிமிர்த்தி வைக்கச் சொன்னால்கூட, "தோர் இன்னும் சொல்லல யோருன்" என்பார்.

வசந்தத்தில் பனி உருகியதும் வழக்கம்போலக் குதிரையை எடுத்துக்கொண்டு கிழக்கே போனார். அவர் போன பின்பு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டோல்ஃப் அண்ணன் வந்தார். எங்களுக்கு முன்பே குடியேறியவர்.

"அடுத்த குடாவுல கப்பல் ஒண்ணு வந்திருக்கும்மா. ஆடு மாடு, ஆளு அம்பு எல்லாத்தோடயும். இந்தப் புல்லைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்கோ மறுநாளோ வந்து எல்லை நெடுக நெருப்பு மூட்டிருவாங்க. அப்புறம் இது அவங்க நிலம்."

"நாங்க இங்கதானண்ணே இருக்கோம்?"

"இருக்கறது வேற, எடுக்கறது வேற. உன் புருஷன் எடுக்கலயே. ஒரு நாள் நெருப்பு மூட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அவருக்குத் தோர் சொல்லணும்."

"தோருக்கு வேற வேலை இல்லையாக்கும்."

பெண் நெருப்பு மூட்டி நிலம் எடுக்க முடியாது. வேறு வழி இருந்தது. வசந்த காலத்தில் ஒரு நாள், நன்றாகத் தீனி தின்ற இரண்டு வயதுக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு சூரியன் உதிப்பதற்கும் மறைவதற்கும் இடையே அவள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாளோ, அவ்வளவும் அவளுடையது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். எங்களிடம் ஒரு கிடாரி இருந்தது. மோட்டோல்ஃப் அண்ணன் சாட்சிக்கு வருவதாகச் சொன்னார்.

"உன் புருஷன் வந்து கேட்டா?"

"வந்தாத்தான கேக்கறதுக்கு."

மறுநாள் சூரியன் மலைமேல் எட்டிப் பார்த்ததும் ஊற்றின் அருகில் இருந்து கிளம்பினேன். கிடாரி நான்கு அடி நடந்தது, புல் மேய்ந்தது. நின்றது, கடலைப் பார்த்தது. மூன்று வருடமாக இதே பார்வையைத்தான் வீட்டிலும் பார்த்துவருகிறேன். இழுத்தால் உட்காரப் பார்த்தது. இந்த நாட்டில் வசந்தத்துச் சூரியனுக்கு மறையவே மனம் வராது என்பார்கள். நடக்க மனம் வராத மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு அதுவும் போதாது.

உச்சிப்பொழுதுக்குப் பின் ஆற்றங்கரையை நெருங்கியபோது குதிரைச் சத்தம் கேட்டது. கோல்பெய்ன். முகமெல்லாம் வெயில்.

"யோருன், கெடச்சிருச்சு! ரெண்டும் கெடச்சிருச்சு!"

நான் நிற்கவில்லை. "எங்க?"

"கிழக்க. கருமணல் திட்டுல, பக்கத்துப் பக்கத்துல கெடக்குது. அண்ணன் தம்பி படுத்துக் கெடக்கற மாதிரி."

"புல் இருக்கா?"

"மணல்தான்."

"தண்ணி?"

"கடல் இருக்கு."

"குடிக்கறதுக்குக் கேட்டேன்."

"பாத்துக்கலாம்."

"வேற என்னதாங்க இருக்கு அங்க?"

"தூண் இருக்கு" என்றார். நான் ஏன் சந்தோஷப்படவில்லை என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகுதான் என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். "நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"உங்க மாடுங்களுக்கு மணல் திங்கத் தெரியாது. அதான் நிலம் எடுக்கறேன்."

குதிரையை விட்டு இறங்கி என் பக்கத்திலேயே நடந்தபடி சண்டை போட்டார். சத்தியத்தை மீறினால் தோர் இடியை இறக்குவார் என்றார். மூன்று குளிர்காலம் படகுக்கு அடியில் படுத்ததைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். பின்னால் வந்த மோட்டோல்ஃப் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆறு வந்தது. காலையில் மேலே, அது ஓடையாக இருந்த இடத்தில் தாண்டியிருந்தோம்; ஊற்று அக்கரையில். கிடாரி தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. ஆற்றைத் தாண்டி ஊற்றுக்குத் திரும்பாவிட்டால் சுற்றிய புல்வெளி முழுவதும் கப்பலில் வந்தவர்களுக்குப் போய்விடும். தள்ளினேன், கெஞ்சினேன், காதில் திட்டினேன். சூரியன் சரிந்துகொண்டே இருந்தது.

அதுவரை என்னோடு மல்லுக்கு நின்றவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் யோசித்தால் ஏதாவது ஒரு கரையில் போய்த்தான் முடியும்.

"இந்த நிலம் உன் பேருலதான வரும்?"

"ஆமா."

"அப்ப இங்க கட்டற வீடு?"

"என் நிலத்துல யார் வீடு இருக்கும்?"

"நான் சத்தியம் பண்ணது என் வீட்டுக்குத்தான்" என்றார் மெல்ல. "உன் வீட்டுக்கு இல்ல. நான் அந்த மணல்ல தூணை நட்டு ஒரு குடிசை போட்டுட்டா, என் வீடு அங்க. இங்க நான் விருந்தாளி."

மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு. மோட்டோல்ஃப் அண்ணன் அதில் ஏதேனும் குற்றம் இருக்கிறதா என்று தாடியைத் தடவிப் பார்த்தார். இருந்த மாதிரி தெரியவில்லை.

கயிற்றை அவர் தொடக் கூடாது. ஆனால் ஆற்றில் இறங்கி, அக்கரையில் இருந்து பசும்புல்லைப் பிடுங்கி நீட்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இடுப்பளவு பனிநீரில் நின்றபடி அவர் கத்தினார். கிடாரி எழுந்தது. நான் வழுக்கி விழுந்து எழுந்தேன். சூரியனின் மேல்விளிம்பு கடலுக்குள் இறங்கும்போது ஊற்றின் ஆவிக்குள் கால் வைத்தேன்.

"யோருனோட நிலம்" என்றார் மோட்டோல்ஃப் அண்ணன். "நான் சாட்சி."

அடுத்த நாள் வந்த கப்பல்காரர்கள் அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு, நெருப்புச் சட்டியோடு வந்த வழியே திரும்பிப் போனார்கள். நான் முளைக்குச்சிகளை எடுத்து என் வீட்டுக்கு அளவு போட ஆரம்பித்தேன். விருந்தாளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கருவாட்டை வெண்ணெயில் தொட்டுத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல் தெக்குப் பக்கம் இருக்கணும்" என்றார்.