அண்ணனுக்குப் போட்ட கட்டைவிரல்

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பிடிக்காத சமாச்சாரங்கள் உலகத்தில் ஏராளம். பேசும் லிஃப்ட் பிடிக்காது. ஆளைப் பார்த்தால்தான் தண்ணீர் விடுவேன் என்று அடம்பிடிக்கும் குழாய் பிடிக்காது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் பாட்டுப் போடும் டெலிபோன் பிடிக்கவே பிடிக்காது. கைபேசியை மட்டும் கொஞ்சம் பார்த்துத்தான் திட்டுவார். ஊரில் பாதிப் பேர் அதை உற்றுப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவர் கடைப் படியேறினார்கள் என்பதால், அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு மனசாட்சி குறுக்கே வந்தது.

ஆனால் அந்த மஞ்சள் கட்டைவிரலை நினைத்தால் மட்டும் அவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். யாராவது எதையாவது அனுப்பினால், பார்த்தேன், சரி, சந்தோஷம் என்று சொல்ல வாயும் இல்லாமல் மனசும் இல்லாமல் ஒரு தட்டுத் தட்டுகிறோமே, அந்தக் கட்டைவிரல். அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், அவன் கட்டைவிரலைக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்துக்குள் விடுவதாக மனைவியிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அண்ணன் ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்தவர். எந்த ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்று கூசாமல் சொல்லிப் பழகிய குரல். ஓய்வு பெற்ற மறுநாளே பிள்ளைகள் ஒரு கைபேசியை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, 'நம் குடும்பம்' என்று பெயரிட்டு நாற்பத்தாறு பேர் அடைந்துகிடக்கும் குழுவில், தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு பூ வந்துவிடும். பூவின் மேல் பனித்துளி, பனித்துளியின் மேல் ஒரு பொன்மொழி. தம்பியும் தினமும் படுக்கையில் புரண்டபடியே, அரைக்கண்ணைத் திறந்து, அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போவார். என்ன பூ, என்ன பொன்மொழி என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியாதவரை இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஐந்தரை மணிக்குப் பூ வரவில்லை. "அம்மா சற்றுமுன் காலமாகிவிட்டார்" என்ற ஒற்றை வரி வந்தது. தம்பி அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சின்ன மகனே போட்டிருக்கிறான், இப்போதெல்லாம் இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்று சித்தப்பாக்களும் ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து, கடைக்காரர் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இன்னொரு குழுவுக்கு அனுப்பிவைத்தான். காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்ததும், அந்தப் படத்தைப் பார்த்திருந்த, லென்ஸ் விற்க வரும் ஏஜென்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

நாலு மணி நேரம் பஸ்ஸில் அழுதுகொண்டே போய் இறங்கினார். வாசலில் நின்ற அண்ணன் இவர் முகத்தைக் கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பெத்த தாய் போனதற்கு எனக்கு ஒரு போன் பண்ணக்கூடவா தோன்றவில்லை என்று இவருக்குக் கோபம். பெத்த தாய் போனதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறானே என்று அவருக்குக் கோபம். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்சு நின்றது. ஐந்தரை மணிப் பூவும் நின்றது. இரண்டு வருஷம் ஓடிப்போனது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அண்ணி, கடைக்காரரின் மனைவிக்குப் போன் செய்தாள். அண்ணனுக்கு இதயத்தில் வால்வு மாற்றப் போகிறார்களாம். வியாழக்கிழமை ஆபரேஷன். பிழைப்பார், ஆனால் வயசையும் சர்க்கரையையும் பார்க்கும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் அன்றைக்கு மூன்று பேருக்கு வலது கண் பவரை இடது கண்ணில் எழுதிக்கொடுத்தார். அண்ணன் பேசாமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்புதான் அவர் மண்டைக்குள் ஓடியது. போனை எடுப்பார், அண்ணன் பெயர் வரும்வரை தள்ளுவார், வைத்துவிடுவார். அண்ணன் எடுத்து, "என்னடா, கட்டைவிரல் போட வந்தியா?" என்று கேட்டுவிட்டால் அவரிடம் பதில் இல்லை.

அவருடைய பெண்தான் வழி சொன்னாள். அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் யாரும் கடிதம் எழுதுவதில்லையாம். எழுதித் தரும் ஆப் ஒன்று இருக்கிறதாம். அது நீட்டி எழுதித் தருமாம். வாங்குகிறவர்களும் அதே ஆப்பை வைத்துச் சுருக்கிப் படித்துக்கொள்வார்களாம்.

"நீங்க விஷயத்தை மட்டும் சொல்லுங்கப்பா. அது அழகா எழுதிடும்."

"என்னத்தச் சொல்றது?"

"அண்ணன். சண்டை. சமாதானம். ஆபரேஷன். அவ்வளவுதான்."

"கொஞ்சம் உருக்கமா இருக்கணும்மா."

"அதுக்குத் தனி பட்டன் இருக்கு."

பட்டனை அழுத்தினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றரைப் பக்கம் வந்து விழுந்தது. 'அன்புள்ள அண்ணா, நமக்குள் ஏற்பட்ட சிறு மனக்கசப்பு' என்று தொடங்கி, 'நம் வீட்டு வாசலில் இருந்த அந்தப் பெரிய மரத்தடியில் நாம் விளையாடிய நாட்கள் என் நெஞ்சில் பசுமையாக' என்று போய்க்கொண்டே இருந்தது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, எங்க வீடு டயர் கடைக்கு மேல மூணாவது மாடி. வாசல்ல மரம் ஏது?"

"அப்பா, அது ஒரு ஃபீலிங். மரம் இல்லாட்டி நல்லா இருக்காது."

படித்தவள் சொல்கிறாள். அவர் அனுப்பிவிட்டார்.

நாலே நிமிடத்தில் பதில் வந்தது. ஒற்றை விரலால் குத்திக் குத்தி 'சரி' என்று அடிக்கவே நாலு நிமிடம் எடுத்துக்கொள்கிற அண்ணன், இரண்டு பக்கம் எழுதியிருந்தார். 'என் அன்புத் தம்பி, அந்த மரத்தின் நிழலை நான் மறப்பேனா? அதில் ஊஞ்சல் கட்டி உன்னை ஆட்டிவிட்ட நாட்கள் அல்லவா என் வாழ்வின் வசந்தம்!'

கடைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்த பிறகு ஊஞ்சல் உதைத்தது. இருந்தாலும் சமாதானம் கைகூடி வரும் நேரத்தில் ஊஞ்சலைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். பெண் அடுத்த கடிதத்துக்குப் பட்டனை அழுத்தினாள். மரத்தில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து வந்த பதிலில் அவர் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொள்ள, அண்ணன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் இரண்டு முழங்காலையும் நன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. தனக்குத்தான் ஞாபக மறதி வந்துவிட்டதோ என்று கவலை பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலிலேயே ஒரு பெட்டி மூன்று முகங்களைக் காட்டிக்கொண்டு நின்றது: சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். 'இன்றைய உங்கள் அனுபவம் எப்படி?' உள்ளே போகாமலே எப்படிச் சொல்வது என்று அதை முறைத்துவிட்டு மாடி ஏறினார்.

அண்ணன் பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாய் இளைத்திருந்தார். பக்கத்தில் அண்ணி பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடிதங்களில் அப்படிக் கட்டிப்பிடித்துக் கதறிய இரண்டு பேரும் நேரில் பார்த்ததும், சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியா?"

"ம்."

"பஸ்ஸுல கூட்டமா?"

"அவ்வளவா இல்ல."

ஃபேன் சுற்றியது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மரத்தையெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருக்கே."

"நீயும்தான் அண்ணே. ஊஞ்சல் கட்டினதெல்லாம்..."

"ஆமாமா." அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் திரும்பினார். "டேய், சும்மா கேக்கறேன், தப்பா நினைக்காதே. எந்த மரம்டா அது?"

"எனக்கும் தெரியல அண்ணே. நீ ஊஞ்சல் கட்டினேன்னு சொல்லவும் நிஜமாவே இருந்துச்சோன்னு நினைச்சேன்."

"நானா சொன்னேன்? பையன்கிட்ட போனைக் கொடுத்து, தம்பிக்குப் பாசமா ஒரு பதில் போடுடான்னேன்."

"என் பொண்ணு பட்டனை அழுத்தினா."

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப மூணு நாளா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா? அதுகளேதான் பேசிக்கிச்சா?"

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். முகம் மாறியது.

"ஏன்டா கட்டைவிரல் போட்டே?"

இரண்டு வருஷமாய் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடைக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். இனி ஓட இடமில்லை.

"நான் படிக்கல அண்ணே. சத்தியமா படிக்கல. நீ தினமும் பூ அனுப்புவே. அதுன்னு நினைச்சுத் தூக்கத்துல போட்டுட்டேன்."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, நீ அனுப்புறதை நான் பாக்குறதே இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிடுமே."

அண்ணன் அவரையே பார்த்தார். "ஏழு வருஷம் அனுப்பினேன். ஒண்ணு கூடவா பாக்கல?"

கடைக்காரர் தட்டிலிருந்து ஒரு பழத்துண்டை எடுத்தார்.

"அந்த ஊதாப்பூவைக் கூடவா பாக்கல? அது நானே எடுத்த படம்டா!"

"விடுங்க, நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு!" என்றாள் அண்ணி.

"நீ மட்டும் யோக்கியமா?" கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அம்மா போனதை லென்ஸ் ஏஜென்ட் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? நாற்பத்தாறு பேர்ல ஒருத்தனா நான்? ஒரு போன் பண்ண உனக்கு மனசு வரலையா?"

அண்ணன் அங்கியின் நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"உன் பேரை மூணு தடவை எடுத்தேன்டா. போன் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கலாம்னு வாயைத் திறந்தேன். வரல. எத்தனை ரயில் வராதுன்னு மைக்ல சொல்லியிருக்கேன்... அம்மா இல்லன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரல. விரல்ல வந்துச்சு. போட்டுட்டேன்."

கடைக்காரர் எழுந்துபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். இந்தத் தடவை பட்டனை யாரும் அழுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "இங்க பாரு. நாளைக்கு எது ஆனாலும் முதல்ல இவனுக்குப் போன் பண்ணு. எங்கேயும் எழுதிப் போடாதே. வாயால சொல்லு."

மறுநாள் மேலே ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி மூன்றாவது மாடியில் இருந்தாள். கடைக்காரர் கீழே வரவேற்பறையில், நோயாளிகளின் எண்கள் ஓடும் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய எண்ணுக்கு நேரே '417: நடைபெறுகிறது.' ஏழு மணியிலிருந்து அதேதான். பதினொன்றரைக்கு அவர் போன் ஒரு தடவை சிணுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. 'உங்கள் நோயாளியின் நிலை மாற்றப்பட்டுள்ளது. விவரம் காண உள்நுழையவும்.'

நிமிர்ந்து பார்த்தார். திரையில் 417 இல்லை.

செய்தியைத் தட்டி உள்ளே போகப் பார்த்தார். ஆறு இலக்க எண் கேட்டது. எண் வரவில்லை. கவுண்ட்டருக்கு ஓடினார். அங்கிருந்த பெண் பொறுமையாகப் பார்த்தாள்.

"நம்பர் நோயாளியோட போனுக்குப் போயிருக்கும் சார்."

"அவர் உள்ள படுத்திருக்காரும்மா."

"அப்ப அவர்கிட்டதான் கேக்கணும்."

"நிலைமை மாறிடுச்சுன்னா என்னம்மா அர்த்தம்? நல்லா மாறிச்சா, கெட்டா மாறிச்சா?"

"அது எங்களுக்குக் காட்டாது சார்."

மாடிப்படியை நோக்கி அவர் திரும்பியபோது போன் அடித்தது. அண்ணி.

"அண்ணி?"

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு விசும்பல்.

"அண்ணி, சொல்லுங்க."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது. கடைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தார். அந்த ஊதாப்பூவைக் காட்டு என்று நேற்றே கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"தம்பி..." என்றாள் அண்ணி. மறுபடி விசும்பல். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, "முழிச்சிட்டாரு தம்பி. நல்லா இருக்காரு."

படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார். "அதை முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணி? எனக்கு உசுரே போயிடுச்சு!"

"வாயால சொல்லுன்னாரே," என்று தேம்பினாள் அவள். "நல்ல சேதிதான். அதுக்கே வாய் வர மாட்டேங்குது தம்பி."

நல்ல சேதிக்கே இப்படியா என்று தோன்றியதும் கடைக்காரர், அன்றைக்கு அந்த விடியற்காலையில், அம்மாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தம்பி பெயரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அண்ணனை நினைத்தார்.

"அழுங்க அண்ணி. மெதுவா சொல்லுங்க," என்றார். "நான் போனை வைக்க மாட்டேன்."